டிஸ்கரேஜ் பண்ணாதீங்க

எங்கள் வீட்டில் 'டிஸ்கரேஜ்' என்ற சொல்லை அக்கா மட்டும்தான் சொல்வாள். அம்மாவுக்கு பஸ், போன், கேஸ், பிரஷர் தவிர வேறு ஆங்கிலம் தேவைப்பட்டதில்லை. நான் ஆங்கில ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அக்கா அப்படியில்லை. அவள் எடுத்த காரியத்தைப் பற்றி யாராவது இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தால், கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமலே சொல்வாள்.

"டிஸ்கரேஜ் பண்ணாதீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். லேப் டெக்னீசியன் படிப்புக்குச் சேர்ந்தபோது சொன்னாள். ஸ்கூட்டி வாங்கியபோது சொன்னாள். மொட்டை மாடியில் பழைய டப்பாக்களில் கீரை போட்டபோது, குரங்கு தின்றுவிடும் என்று நான் சொன்னதற்கும் அதையேதான் சொன்னாள். குரங்கு தின்றது. மறுபடியும் போட்டாள்.

அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசியாகச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்; அதன் பிறகு ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரும் யாரையும் "செய்யாதே" என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. "செய்யி, யாரு வேணாங்குறா" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு பெருமூச்சு. பிறகு, இதே காரியத்தைச் செய்து வீணாய்ப் போன ஒருவரின் கதை வரும். கதை முடிந்ததும், "நான் ஒன்னும் சொல்லலப்பா, யோசிச்சுச் செய்யி" என்று செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். நாளைக்கு நாம் நொந்து உட்கார்ந்திருந்தால், "நாங்க யாரும் தடுக்கலையே" என்று சத்தியம் பண்ணலாம். சத்தியம் உண்மையாகவும் இருக்கும். எனக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முகத்தில் அடித்த மாதிரி 'வேண்டாம்' என்றால் சண்டை போடலாம். இதனோடு எப்படிச் சண்டை போடுவது?

இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் முன்னொட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'டிஸ்' என்று முன்னால் ஒட்டினால் பொருள் மாறும் என்று பலகையில் எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், கரேஜ்னா தைரியம். டிஸ்கரேஜ்னா தைரியம் இல்லாம இருக்கறதா, தைரியத்தை எடுத்துடறதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நல்ல கேள்வி கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும், ஏனென்றால் பதில் தெரிந்திருக்காது. "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். பிறகு போனிலும் தேடினேன். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்திருக்கிறது. பிரெஞ்சுக்கு அதன் வேர் லத்தீனிலிருந்து. லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். கரேஜ் என்ற சொல்லுக்கே முதலில் வீரம் என்று பொருள் கிடையாதாம். நெஞ்சு, நெஞ்சுக்குள் இருப்பது, அவ்வளவுதான். வீரம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அப்படிப் பார்த்தால் டிஸ்கரேஜ் என்பது ஒருவருடைய நெஞ்சை அவரிடமிருந்து எடுத்துவிடுவது. வெள்ளைக்காரனுக்கு அதுவும் போதவில்லை போலிருக்கிறது. தன் சொந்தச் சொல்லான 'ஹார்ட்' என்பதை நடுவில் வைத்து, அதே அர்த்தத்தில் 'டிஸ்ஹார்ட்டன்' என்று இன்னொன்றும் செய்து வைத்திருக்கிறான்.

தமிழில் நோட்ஸ் போடுகிறவர்கள் இதற்கு 'ஊக்கம் குன்றச் செய்தல்' என்று எழுதுவார்கள். பரீட்சையில் மதிப்பெண் வாங்குவதற்கு அது போதும். வீட்டில் நாம் அப்படியா பேசுகிறோம்? "மனசு விட்டுப்போச்சு" என்போம். யோசித்துப் பார்த்தேன். நம் பேச்சில் மனசு தானாகவே விட்டுப்போகிறது. எடுத்தவர் யார் என்ற பேச்சே அதில் வருவதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோதான சொல்தான்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டேன். எனக்குள் அக்காவின் குரல் நின்றுகொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன்.

அக்கா திருக்கோகர்ணத்தில் அம்மாவோடு இருக்கிறாள். நான் கல்யாணமாகி விராலிமலைக்குப் போனவள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் செவ்வாய் என்று சில வருடங்கள் போயின. அப்பா படுக்கையில் கிடந்ததில் சில வருடங்கள் போயின. அப்பா இறந்தபோது அவள் நாற்பதை நெருங்கிவிட்டாள். அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. "வந்தவனுங்களப் பாத்தியல்ல, தப்பிச்சேன்" என்பாள்.

டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கண்டு கத்துகிற பிள்ளையிடம், "ஒன் கையில எறும்பு ஊருதா, எனக்குத் தெரியுதே, ஒனக்குத் தெரியலையா?" என்று பேச்சுக் கொடுப்பாள். பிள்ளை எறும்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்திருக்கும். அழாத பிள்ளைக்கும் மிட்டாய் கொடுப்பாள், அழுத பிள்ளைக்கும் கொடுப்பாள். ஒருநாள் அப்படி ஒரு பெண் குழந்தையை ஒரு காப்பகத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். ஊசி போட்ட பிறகு அது அக்காவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். வீட்டுக்கு வந்து சோறு தின்றுகொண்டே சொன்னாள். மறுவாரம் எனக்குப் போன் பண்ணினாள்.

"நான் ஒரு புள்ளயத் தத்தெடுக்கலாம்னு இருக்கேன்டி. தனியா இருக்குற பொம்பளைக்கும் குடுப்பாங்களாம், விசாரிச்சிட்டேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அப்புறம், "பேரு வச்சிட்டியா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

முறைப்படி பதிவு செய்தாள். அந்தக் காப்பகத்துக் குழந்தைதான் கிடைக்கும் என்று இல்லை, எந்தக் குழந்தை என்பதை அவர்கள்தான் சொல்வார்கள், காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வருவார். வீடு எப்படி இருக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்குச் சம்மதமா என்றெல்லாம் கேட்பார். அக்கா உடனே வேலையில் இறங்கிவிட்டாள். பின்கட்டில் இருந்த சின்ன அறையில் அரிசி மூட்டையும் உடைந்த கிரைண்டரும் கிடந்தன. அவற்றை வெளியே தள்ளி, சுவருக்கு எலுமிச்சை மஞ்சளில் பெயின்ட் அடித்தாள். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாள். குளியலறையில் பிளம்பரை வைத்து, இருக்கிற குழாய்க்குக் கீழே முழங்கால் உயரத்தில் இன்னொரு குழாய் வைக்கச் சொன்னாள்.

பிளம்பர், "இம்புட்டுத் தாழ்வாவா அக்கா? பக்கெட்டே வைக்க முடியாதே" என்றானாம்.

"பக்கெட்டுக்கு இல்லப்பா, ஆளுக்கு" என்றிருக்கிறாள்.

அம்மா எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயின்ட் வாசனைக்குத் தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். பிறகு சாப்பாடு குறைந்தது. பிறகு இரவில் தூக்கம் வரவில்லை என்றாள். அப்புறம் தன் தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

மாமா காபியைக் குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தார். "செய்யி ஆத்தா, யாரு வேணாங்குறா. நல்ல காரியந்தேன்." பெருமூச்சு வந்தது. பிறகு யாரோ ஒருவர் யாருடைய பிள்ளையையோ எடுத்து வளர்த்து, அது பெரியவனாகி அடித்துத் துரத்திய கதை வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு பெத்ததோ, என்ன ரத்தமோ. அதையும் யோசிக்கணுமுல்ல?"

"நாலு குரூப்புதான் மாமா இருக்கு. அதுல ஏதாவது ஒன்னாத்தான் இருக்கும். டெஸ்ட் பண்ணிச் சொல்லிடுறேன்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான் தாயி சொல்றது. நான் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன். ஒத்தையில கெடந்து நீ எப்படி வளப்ப?" என்றாள். அப்போதுதான் அக்கா அதைச் சொன்னாள், சிரிக்காமல்.

"ஒத்தையில இருக்கேன்னுதானம்மா கேக்குறேன். டிஸ்கரேஜ் பண்ணாதீங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அம்மா, "சாமிக்கிட்ட பூக் கேட்டுப் பாப்போம். சாமி சரின்னா நான் குறுக்க நிக்கல" என்றாள்.

பூக் கேட்பது எங்கள் வழக்கம். பெண் எடுப்பது, நிலம் வாங்குவது, வெளிநாடு போவது எதுவானாலும் மனசு இரண்டுபட்டால் குலதெய்வத்திடம் போய்க் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். சின்னப் பிள்ளை யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். வந்தபின் அதைப் பற்றி மறுபேச்சு கிடையாது. அக்காவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். "பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்குடி. மாமாக்கிட்ட அதுவும் இல்ல" என்று என்னிடம் சொன்னாள்.

எங்கள் குலதெய்வம் கொடும்பாளூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு மண்சாலையில் இருக்கிறது. நான் விராலிமலையிலிருந்து பஸ்ஸில் வந்து கொடும்பாளூரில் இறங்கி நின்றேன்; அம்மாவும் அக்காவும் மாமாவும் வந்த காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். காரில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு புதுச் சுடிதார் போட்டிருந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கொல்லையில் வெள்ளைக்குப் பறித்த நந்தியாவட்டையும் சிவப்புக்குப் பறித்த செவ்வரளியும் அம்மாவின் மடியில் ஒரு பையில் இருந்தன.

பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலை. அம்மா, "நீங்க விளக்கப் பாருங்க சாமி, நானே கட்டியாறேன்" என்று கோயிலுக்குப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது வாழையிலைத் துண்டில் நார் போட்டுக் கட்டிய இரண்டு பொட்டலங்கள் கையில் இருந்தன. அன்று கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. எடுப்பதற்குச் சின்னப் பிள்ளை வேண்டுமே என்று பூசாரி இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார். "சரி, தங்கச்சியே எடுக்கட்டும்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தேன். செவ்வரளி.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மகளுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அக்கா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்த இன்னொரு பொட்டலத்த என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"வேம்புக்கடியில போட்டுறணும்மா" என்றார் பூசாரி.

அம்மா அவசரமாகக் கையை நீட்டினாள். "எங்கிட்டக் குடு, நான் போடுறேன். அதைப் பிரிக்கப்படாது. பிரிச்சா சாமி குத்தம்."

அக்கா அதற்குள் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். வேப்பமரம் மதிலுக்கு அப்பால் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "போலாமா?" என்றாள்.

காரில் திரும்பினோம். கொடும்பாளூரில் நான் இறங்கும்போது அவள் கையைப் பிடித்து, "அக்கா, இதெல்லாம் ஒரு கணக்கா? நீ பாட்டுக்கு எடு" என்றேன். அவள், "பஸ் வருது, போ" என்றாள். மறுநாள் அவளே போன் போட்டு, வீட்டைப் பார்க்க வருகிற அதிகாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதிவையும் எடுத்துவிட்டாள்.

எனக்கு அது புரியவே இல்லை. குரங்கு தின்ற பிறகும் கீரை போட்டவள், அரளிப் பூவுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டாளே என்று அவள்மேல்தான் கோபம் வந்தது. கேட்டால் பேச்சை மாற்றினாள். அவள் இளைக்கவும் இல்லை, அழவும் இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், டிவி பார்த்தாள். ஆனால் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை. மாடியில் டப்பாக்கள் காய்ந்துபோயின. ஸ்கூட்டியை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போனாள். நான் "சேர்ந்து ராமேஸ்வரம் போயிட்டு வரலாமா" என்று கேட்டால், "பாப்போம்" என்றாள். மஞ்சள் அறைக்கு அரிசி மூட்டை திரும்பி வந்தது. எதையும் ஆரம்பிக்காதவளை யார் டிஸ்கரேஜ் பண்ண முடியும்? அந்தச் சொல்லுக்கு அவளிடம் வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது, நான் அவளைப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாது. எல்லாம் அக்காதான். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். லத்தீன், இதயம், நெஞ்சை எடுத்துவிடுவது எல்லாம் சொல்லி, "ஒன் சொல்லுக்கு எவ்வளவு பெரிய பூர்வீகம் பாத்தியா?" என்று கிண்டல் பண்ணினேன்.

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எடுத்த நெஞ்ச எங்க வைப்பாங்களாம்? அது போட்டிருக்கா அதுல?"

"அது போடலக்கா."

"ம்."

கொஞ்ச நேரம் வெங்காயத் தோலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

"அன்னைக்கு அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சேன்டி."

நான் நிமிர்ந்தேன்.

"அதுலயும் அரளிதான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டிலும் சிவப்பு. நான் எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான். கட்டியது அம்மா. "அம்மாவக் கேட்டியா? மாமாவக் கேட்டியா? ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று நான் பாட்டுக்குக் கத்த ஆரம்பித்தேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"மெதுவாப் பேசு. அம்மா முழிச்சுக்கும்."

"முழிக்கட்டும். பொய்யுன்னு தெரிஞ்சப்புறமும் நீ ஏன்க்கா விட்ட? ரெண்டுலயும் செவப்புன்னா சாமி ஒன்னுமே சொல்லலன்னுதான அர்த்தம்? போயி எடுத்திருக்கலாமுல்ல?"

அவள் வெங்காயத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். நெடுநாளாக உள்ளே வைத்திருந்ததை எடுக்கும்போது தடுமாறுவது போல முதலில் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

"சாமி வேணாம்னு சொல்லியிருந்தா, சாமிக்கூடச் சண்டை போட்டுட்டுப் போயி எடுத்தாந்திருப்பேன்டி. மாமா சொன்னதுக்கெல்லாம் நான் அசைஞ்சனா? ஆனா அம்மா எவ்வளவு பயந்துருக்கும், பாரு. விளக்கு நேரா ஏத்தலன்னா சாமி குத்தம்னு அழுகுற ஆளு. அது சாமிக்கே ஏமாத்துக் காட்டுதுன்னா, அதுக்கு அந்தப் புள்ள அவ்வளவு வேணாமா இருந்துருக்கு. அந்த வீட்டுக்கு ஒரு சின்ன உசுரக் கூட்டியாந்து, அது தெனமும் அம்மா மொகத்தப் பாத்து வளரணுமா? ஏற்கனவே ஒரு வீட்டுல வேணாம்னு விட்டுட்டுப் போன புள்ளயாத்தான இருக்கும்?"

தள்ளிவிட்ட அரிவாள்மனையை எடுத்து நேராக வைத்தேன்.

"அம்மாவக் கேட்டா அம்மா அழுகும். அழுதா நாந்தான் சமாதானம் சொல்லணும். அப்ப எனக்குத் தெம்பு இல்ல. அப்புறம் கேட்டு என்ன ஆகப்போகுது?" வெங்காயத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "நீ சொன்னியே, அந்த அர்த்தம் சரிதான். அந்த வேம்புக்கடியில எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. வலிக்கல. உள்ள ஒன்னும் இல்லாத மாதிரி இருந்துச்சு."

வெங்காயத்தின் பேரைச் சொல்லி நான் அழுதேன். அவள் அழவில்லை. அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பதென்று தெரியவில்லை. அன்று அம்மா பயந்தது எதற்கு என்றும் யோசித்துப் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்றா? மகளுக்குப் பாரமாகிவிடும் என்றா? ஒரு பிள்ளை வந்துவிட்டால் கடைசிக் காலத்தில் மகள் தன்னைப் பார்க்கமாட்டாள் என்றா? மூன்றுமாக இருக்கலாம். மனிதர்கள் பயந்துபோனால் எதையும் செய்வார்கள் என்று தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

அப்போது உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். குளிக்கும் நேரம். நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மெல்ல நடத்திக் குளியலறைக்குக் கூட்டிப்போனோம். பிளாஸ்டிக் ஸ்டூலில் அம்மாவை உட்கார வைத்தாள் அக்கா. அம்மாவால் மேல் குழாயை எட்ட முடியாது. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, முழங்கால் உயரத்தில் இருந்த அந்தக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் அவள் உள்ளங்கையில் விழுந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு குழாயை மூடினாள். நான் துண்டை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"இந்தக் குழாயி மட்டும் இல்லன்னா என் பாடு திண்டாட்டந்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அம்மா. "எனக்குத் தோதா அளந்து வச்ச மாதிரி வச்சிருக்கா."

அக்கா அம்மாவின் முதுகில் சோப்புப் போட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருக்காக வைத்தது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரல் மாறிவிட்டது.

"ஒனக்குன்னு ஒரு புள்ள இருந்திருக்கலாம் தாயி. எனக்கப்புறம் ஒன்னை யாரு பாப்பா? நெனச்சா எனக்கு ராவெல்லாம் தூக்கம் வரல. என்ன பண்றது, சாமி அன்னைக்கு வேணாம்னுருச்சே."

சொல்லிவிட்டு அம்மா கழுத்தைத் திருப்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கும் பார்வை அது. இத்தனை வருடமும் அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றாள் அக்கா. "சாமிதான் வேணாம்னுச்சு. தலையக் குனி, கண்ணுல சோப்பு போயிரும்."

அம்மா குனிந்தாள். அக்கா குழாயைத் திறந்தாள்.